புது வீட்டுக்குப் பொருள் வாங்கப் போகிறோம்: எதை முதலில், எதைப் பிறகு?

வெருலம் வாணி:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரரே கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது. இப்போது பக்கத்து ஊரான வெருலத்தில் மூன்று படுக்கையறை உள்ள பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பேங்கில் லோன் ஒப்புதல் ஆகிவிட்டது. பத்திரம் பதிவாக இன்னும் ஏழெட்டு வாரம் ஆகும் என்கிறார் வக்கீல்.

தை மாதம் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. மதுரையிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். இவர் பக்கத்தில் பத்துப் பேராவது வருவார்கள். வருகிறவர்கள் முன்னால் வெறும் சுவராக நிற்கக் கூடாதே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

கையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரேண்ட் இருக்கிறது. ஒரு பெரிய கடையில் சோஃபா செட், சாப்பாட்டு மேஜை, இரண்டு கட்டில், இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறார்கள். ஐம்பதாயிரம் முன்பணம், மீதி அறுபதாயிரம் 36 மாதத் தவணை. இந்த வாரமே கையெழுத்துப் போட்டால் டெலிவரி இலவசமாம். போடலாமா? ஏற்கெனவே பட்டவர்கள் சொல்லுங்கள்.

மிட்ராண்ட் குமரன்:

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எங்கள் ஃப்ரிட்ஜ் கதையைக் கேளுங்கள்.

நாங்களும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்தான் வாங்கினோம், 91 செ.மீ. அகலம். இந்த ஊரில் சாதாரணக் கதவு 81 செ.மீ. ஃப்ரிட்ஜைப் பக்கவாட்டில் திருப்பி, அதன் கதவுகளைக் கழற்றினால் ஆழம் 70தான், தாராளமாக நுழையும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் அந்தப் பலகையின் கனமே நாலு செ.மீ.யைத் தின்றுவிடும் என்பதை யோசிக்கவில்லை. அதற்கு முன்னால் திருட்டுக்குப் பயந்து போட்ட மடக்குக் கம்பிக் கதவு இருக்கிறது. அதை எவ்வளவு ஒதுக்கினாலும் பத்து செ.மீ. இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். மிஞ்சியது 67. மூன்று செ.மீ.க்காக நாலு ஆள் ஒன்றரை மணி நேரம் போராடினார்கள். கடைசியில், “சார், எங்களுக்கு இன்னும் ஆறு வீடு இருக்கிறது” என்று வராந்தாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அது நவம்பர். ஜோகன்னஸ்பர்க் பக்கம் நவம்பரில் சாயங்காலம் மழை எப்படி வரும் என்று தெரியும். தார்ப்பாய் கட்டி, கீழே செங்கல் வைத்து, ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெல்டர் வந்து கம்பிக் கதவை அறுத்து, பிறகு திரும்பப் பொருத்தினார். அதற்கு 2,800 ரேண்ட்.

அதோடும் முடியவில்லை. சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு விட்டிருந்த மூலையில் ஒரு பக்கம் சுவர். சுவரை ஒட்டி வைத்ததால் அந்தப் பக்கத்துக் கதவு பாதிதான் திறக்கிறது. உள்ளே காய்கறி டிராயரை வெளியே இழுக்க முடியாது. நாலு வருஷமாக என் மனைவி அந்த டிராயரில் கையை நுழைத்துத்தான் கொத்தமல்லியைத் தேடி எடுக்கிறாள்.

அதனால் வாணி அக்கா, டேப்பை எடுத்துக்கொண்டு போய் வெளி கேட், கம்பிக் கதவு, நிலைக் கதவு, நடை திரும்பும் இடம், சமையலறைக் கதவு என்று பொருள் போகும் வழி முழுக்க அளந்து எழுதுங்கள். கதவு திறந்த நிலையில் அளக்க வேண்டும். அப்புறம் சோஃபா, கட்டில் அளவுக்குத் தரையில் கோலப்பொடியால் கோடு போட்டு, அதைச் சுற்றி நடந்து பாருங்கள். காகிதத்தில் வரைந்ததை எல்லாம் நம்பிய நான், அடுத்த முறை கோலப்பொடியில்தான் பார்த்தேன்.

மூன்றாம் யூனிட்:

வாணி மகளே, வாழ்த்துகள். நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 71. டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து எங்களை இங்கே மாற்றியபோது எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அப்பா அன்றைக்குக் கைவண்டியில் ஏற்றி வந்தது ஒரே ஒரு மேஜை. கியாட் மரம். அந்த மரத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும், ஊரில் நீங்கள் வேங்கை என்பீர்களே, அதன் சொந்தக்கார மரம். அதே மேஜையில்தான் இன்று காலையும் தேநீர் குடித்தேன். இரண்டு தடவை மெருகு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

என் மகள் கல்யாணமான புதிதில் கடையில் கூட்டிப் பொருத்துகிற பீரோ வாங்கினாள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே வழவழவென்று ஒட்டுக் காகிதம். அதற்குக் கால் கிடையாது, பலகையின் அடி விளிம்பே தரையில் உட்கார்ந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஈரத் துடைப்பம் அதில் படும். நம் டர்பன் காற்றிலேயே மாசி மாதம் வரைக்கும் ஈரம் இருக்கிறது. ஒன்றரை வருஷத்தில் அடி விளிம்பு தேநீரில் ஊறின பிஸ்கட்டாக உப்பி, கீல் திருகு பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்தது. அதைத் திரும்பத் திருக முடியாது, தூள்தான் கொட்டும்.

அப்படிப்பட்ட பலகையே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. காசு இல்லாதபோது அதைத்தான் வாங்க முடியும். கால் வைத்ததாகப் பாருங்கள். சமையலறை, குளியலறைப் பக்கம் வேண்டாம். பலகையின் நாலு விளிம்பிலும் ஒட்டு இருக்கிறதா என்று குனிந்து அடியில் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒட்டாமல் விட்டிருப்பார்கள். தோல் மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் சோஃபாவும் இந்த ஈரத்துக்குத் தாங்காது, பாம்புச் சட்டை போல உரியும். நல்ல கெட்டித் துணி, உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தால் போதும்.

பழைய மரச் சாமான் வாங்கினால் வண்டு ஜாக்கிரதை. நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் வீடு கைமாறும்போது வண்டுச் சான்றிதழ் கேட்கிற வழக்கம் உண்டு, உங்களுக்கும் வந்திருக்கும். அது கூரை மரத்துக்கும் கதவு நிலைக்கும்தான். நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் மேஜைக்கு அது பொறுப்பில்லை. குண்டூசித் தலை அளவு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து மேஜைக் காலைத் தட்டுங்கள். மாவு மாதிரி புதுத் தூள் விழுந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது உங்கள் கூரையையும் சேர்த்துத் தின்னலாம்.

வெருலம் வாணி:

ஐயா, மிக்க நன்றி. குமரன், நாளைக்கே ஏஜென்ட்டிடம் சாவி கேட்டு அளக்கப் போகிறோம்.

இன்னொரு கேள்வி. அம்மா வரும்போது மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் எடுத்து வரட்டுமா என்கிறார்கள். இங்கே கரன்ட்டுக்கு ஒத்துவருமா? சொந்தக்காரர்கள் இருக்கும்போது கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது, இன்வெர்ட்டரும் இப்போதே போட்டுவிடு என்கிறார் இவர்.

மின்வேலை செல்வம்:

நான் இருபது வருஷமாக வயரிங் வேலை செய்கிறவன், டோங்காட்.

தாராளமாக எடுத்து வரச் சொல்லுங்கள். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். பிளக்தான் வித்தியாசம். ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற பெரிய மூன்று முள் பிளக் இங்கத்திய சுவர் சாக்கெட்டில் அப்படியே உட்காரும். மிக்ஸியில் இருப்பது சின்ன முள், அது உட்காராது. அதற்கு அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டாதீர்கள். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும்போது தளர்ந்த முள் சூடாகி உருகியதைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். பிளக்கை வெட்டிவிட்டு இங்கத்திய பிளக்கை மாட்டுவது ஐந்து நிமிஷ வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஊரில் பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று நிறம் இருக்கும். இங்கே பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். தெரியாமல் மாட்டாதீர்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அம்மா அலுமினியக் குக்கரும் எடுத்து வருவார்கள் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதை யோசியுங்கள். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது.

இப்போது முக்கியமானது. வீட்டை விற்கிறவர் வயரிங் சரியாக இருக்கிறது என்ற மின்சாரச் சான்றிதழ் தர வேண்டும், அது இரண்டு வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதோடு பரிசோதனை அறிக்கை சேர்ந்திருக்க வேண்டும், அது இல்லாத சான்றிதழ் செல்லாது. எத்தனை பிளக் பாயின்ட், எத்தனை கீசர் என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக எண்ணுங்கள். கராஜிலோ பின்புற அறையிலோ தாளில் இல்லாத பாயின்ட் இருந்தால், பதிவுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். பதிவான பிறகு அந்தச் செலவு உங்கள் தலையில்.

பழைய வீட்டில் வாஷிங் மெஷினுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்தான் இருக்கும், பல சமயம் அது சிங்க் அடியில். மெஷின் அங்கே நுழையுமா என்று அதையும் அளந்துவிடுங்கள். கீசர் பெரும்பாலும் கூரைக்குள் இருக்கும். அடியில் தட்டும், அந்தத் தட்டிலிருந்து வெளியே போகும் குழாயும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கீசர் ஒழுகும் அன்றைக்கு உங்கள் புதுக் கட்டில் மேல் சீலிங் இறங்கும். புது சோஃபாவை விட இதுதான் முதல் செலவு.

கரன்ட் செலவிலும் பெரிய ஆள் கீசர்தான். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் பிடிக்கும். தெர்மோஸ்டாட்டை 60-ல் வைத்து, போர்வை சுற்றி, டைமர் போடுங்கள். அதற்கு ஆகும் காசு மாதாமாதம் திரும்பி வரும்.

இன்வெர்ட்டர் இப்போது வேண்டாம், அண்ணனிடம் சொல்லுங்கள். 2023-இல் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரன்ட்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது ஜனங்கள் கிடைத்ததை வாங்கினார்கள். பாதிப் பேர் லெட் ஆசிட் பேட்டரி. அதை ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அடிமட்டம் வரைக்கும் இறக்கினால் எப்படித் தாங்கும்? ஒரு வருஷம் தாண்டவில்லை. வாங்கினால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதுவும் நீங்கள் குடியேறி இரண்டு மாதம் மீட்டரில் எவ்வளவு ஓடுகிறது என்று எழுதிப் பார்த்த பிறகு. சுவரில் பொருத்துகிற இன்வெர்ட்டரை மாநகராட்சியில் பதிய வேண்டும், அதற்குத் தனியாகச் சான்றிதழும் வாங்க வேண்டும். கீசர், அடுப்பு, கெட்டில் மூன்றையும் அதில் ஏற்றக் கூடாது. தைக்கு வருகிற விருந்தாளிகளுக்கு நாலு சார்ஜ் விளக்கும் ஒரு சிங்கிள் காஸ் அடுப்பும் போதும்.

ஃப்ரிட்ஜுக்கு மட்டும் முதல் நாளே ஒரு காவல் பிளக் வாங்குங்கள். போன கரன்ட் திரும்பி வரும்போது எகிறி வரும். அந்தப் பிளக் சில நிமிஷம் பொறுத்துத்தான் ஃப்ரிட்ஜை ஓடவிடும். கம்ப்ரஸர் போனால் ஃப்ரிட்ஜே போன மாதிரி.

வெருலம் வாணி:

செல்வம் அண்ணா, இந்தத் தாள் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. வக்கீலிடம் கேட்டுவிட்டேன், அனுப்புகிறாராம். கடைக்காரர் இன்றைக்கும் போன் செய்தார். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்கிறார்.

ஃபீனிக்ஸ் பார்வதி:

வாணி, வெள்ளிக்கிழமை போகாதே. தயவுசெய்து.

நான் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, உனக்கு வீட்டு லோன் ஒப்புதல்தான் ஆகியிருக்கிறது, பதிவாகவில்லை. இந்த நடுவில் புதுக் கடன் எடுத்தால் அது உன் கிரெடிட் ரெக்கார்டில் ஏறும். பேங்க் பதிவுக்கு முன்னால் மறுபடி பார்த்து, மாதச் செலவு கூடிவிட்டது என்று லோனையே நிறுத்தலாம். ஒரு சோஃபாவுக்காக வீடு கையை விட்டுப் போகிற ஆபத்து இது. சாவி கைக்கு வரும் வரைக்கும் ஒரு தவணைத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

இரண்டாவது, அந்த 36 மாதம். கடையில் பெரிய எழுத்தில் மாதத் தவணை மட்டும் இருக்கும். கடனுக்கு ஆரம்பக் கட்டணம் உண்டு. மாதம் 60 ரேண்ட் வரைக்கும் சேவைக் கட்டணம் உண்டு, அதன் மேல் வாட். வாட் சேர்க்காமலே 36 மாதத்துக்கு அது 2,160 வரைக்கும் போகும். கடன் காப்பீடு ஆயிரத்துக்கு மாதம் நாலரை ரேண்ட் வரைக்கும் போடலாம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. உன் அறுபதாயிரம் பாக்கிக்கு அது மாதம் 270 வரைக்கும் போகும். இதெல்லாம் வட்டிக்கு மேலே. அதற்கும் மேலே நீட்டித்த உத்தரவாதம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். உனக்கு ஏற்கெனவே ஆயுள் காப்பீடு இருந்தால் அதையே காட்டலாம், கடையின் காப்பீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. இதைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்கள் என் பதினோரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கடன் கொட்டேஷனை எழுத்தில் கேள். கொடுத்தாக வேண்டும். அது ஐந்து வேலை நாளுக்குக் கடையைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்குக் கொண்டுவந்து, மொத்தம் எவ்வளவு கட்டுகிறாய் என்ற வரியை மட்டும் பார். ‘இன்றைக்கே போடு’ என்கிறவர் அந்தத் தாளை நீ வீட்டில் உட்கார்ந்து படிப்பதைத்தான் விரும்பவில்லை.

அவசரமில்லாத பொருளுக்கு லே-பை இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டு, கட்டி முடித்ததும் எடுத்துக்கொள், வட்டி கிடையாது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை அப்படித்தான் வந்தது.

லெனேசியா தம்பி:

பார்வதி அக்கா சொல்வது கடனுக்குச் சரி. ஆனால் கையில் இருக்கும் ரொக்கத்துக்கு நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியை (பிளாக் ஃப்ரைடே) ஏன் விட வேண்டும்? நான் போன வருஷம் வாஷிங் மெஷினும் மைக்ரோவேவும் அன்றைக்குத்தான் வாங்கினேன். மூன்று மாதமாக விலையைக் குறித்து வைத்திருந்தேன், உண்மையிலேயே குறைந்தது. வாங்கி ஒரு நண்பர் கராஜில் வைத்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் பார்வதி:

தம்பி, மூன்று மாதம் விலை குறித்து வைத்தாய் பார், அதனால்தான் உனக்கு லாபம். அதைச் செய்யாதவர்களுக்கு அது வெறும் சிவப்புச் சீட்டு.

கராஜில் வைப்பதைப் பற்றி ஒன்று. நுகர்வோர் சட்டப்படி பொருள் பழுதாக இருந்தால் டெலிவரி ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்பது வாங்கினவர் விருப்பம். ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால் வேறு பொருளோ பணமோ தந்தாக வேண்டும். நவம்பரில் வாங்கி ஜனவரி கடைசியில் பெட்டியைப் பிரித்தால் இரண்டு மாதம் வீணாகப் போய்விடும். வாங்கினால் அன்றைக்கே பிரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கிவிட்டு மனம் மாறினால் அந்த உரிமை இல்லை. கடையே விரும்பி எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

சென்சூரியன் மீனா:

மெத்தை பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே சாதாரண குயின் மெத்தை 152-க்கு 188 செ.மீ. ஊரில் நாம் வாங்குகிற குயின் பத்து செ.மீ. நீளம் அதிகம். எங்கள் வீட்டுக்காரர் உயரம், முதல் ராத்திரியே கால் வெளியே. 200 செ.மீ. நீளத்திலும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கட்டில் சட்டமும் அதே நீளமா பாருங்கள்.

வெருலம் வாணி:

வெள்ளிக்கிழமை போகவில்லை. அளந்துவிட்டு வந்தோம். முன்வாசல் கம்பிக் கதவோடு 66 செ.மீ. குமரன், உங்கள் வீட்டை விட ஒரு செ.மீ. குறைவு! இவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பரிசோதனை அறிக்கையும் வந்தது. பின்பக்கம் வராந்தாவை மூடிக் கட்டின அறையில் இரண்டு பாயின்ட், தாளில் இல்லை. வக்கீல் மூலமாகக் கேட்டிருக்கிறோம்.

வெருலம் வாணி (மாசி மாதம்):

பால் காய்ச்சியாகிவிட்டது. உங்களுக்கெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த இரண்டு பாயின்ட்டையும் விற்றவர் செலவிலேயே சரி செய்து புதுச் சான்றிதழ் கொடுத்தார். கீசர் தட்டுக்குக் குழாய் இல்லை, அதை நாங்கள் போட்டோம். தைக்கு முன்னால் வாங்கியது: 60 செ.மீ. அகல ஃப்ரிட்ஜ், காவல் பிளக், அம்மா அப்பாவுக்கு ஒரு கட்டில், 200 செ.மீ. மெத்தை இரண்டு. எங்கள் மெத்தை தரையில். வாஷிங் மெஷின் இன்னும் வாங்கவில்லை. எல்லாம் ரொக்கம். கையில் அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

சோஃபா இல்லை. அம்மா ஊரிலிருந்து பவானி ஜமக்காளம் இரண்டு கொண்டுவந்தார். முன்னறையில் விரித்தோம். பதினாறு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசினார்கள். மாமியார் மட்டும் ஒரு தடவை ‘நாற்காலி எங்கே’ என்று கேட்டார். பக்கத்து வீட்டில் வாங்கி வந்து போட்டோம்.

குடியேறிய பிறகுதான் தெரிகிறது, முன்னறையில் நாலு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராகச் சுவர் வரைக்கும் வருகிறது. கடைக்காரர் படத்தில் சோஃபாவை வைத்தது அந்தச் சுவரில்தான். இப்போது நாங்கள் எல்லோரும் தானாகவே உட்காருவது எதிர்ப்பக்கம், சமையலறை வாசல் அருகில். அங்கே எல் வடிவ சோஃபா நுழையாது. அதனால் முதலில் திரை, பிறகு ஒரு சாப்பாட்டு மேஜை என்று நினைத்திருக்கிறோம். ஐயா, கியாட் மேஜை பழையதாக எங்கே கிடைக்கும்?

மூன்றாம் யூனிட்:

மகளே, எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், பிள்ளைகள் கேப் டவுன் போகிறார்கள். ஆறு பேர் உட்காரும் மேஜை இருக்கிறது, கால் கடைந்தது, நான் போய்ப் பார்த்தேன். ஒரு காலில் பழைய ஓட்டை இரண்டு உண்டு, புதுத் தூள் இருப்பதாகத் தெரியவில்லை. என் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். கறுப்புக் காகிதமும் டேப்பும் கொண்டுவாருங்கள், மேஜையின் காலைக் கழற்ற முடியும், 66-க்குள் போய்விடும்.